இரண்டு இடது

வலது ஃபிளாப் என்று நினைத்து
மூன்று வாரமாய் நாங்கள் கட்டியது
இன்னொரு இடது.

கண்டுபிடித்தது நான் இல்லை.
பக்கத்து யூனிட்டில் சோபா தைக்கும் திரு கோ,
கொப்பிப் பொட்டலத்தின் கயிற்றை விரலில் மாட்டியபடி
கதவோரம் நின்று பார்த்தார்.
"ரெண்டு காலுக்கும் ஒரே பக்கத்துச் செருப்பா?"
மலாயில்தான் கேட்டார். சிரித்தோம்.
அவர் போன பிறகு
மேசைக்கு வந்து, இரண்டையும் அருகருகே வைத்து,
ஒன்றைத் திருப்பி, மறுபடி திருப்பி,
கடைசியில் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இதுதான்:
வரைபடத்தை மேசையின் இந்தப் பக்கமிருந்து நான் படித்தேன்,
அந்தப் பக்கமிருந்து வத்சலா.
வாடகை ஏறிய வாரம் அது.
எண்களில் மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம்.
"பதினொன்று." "பன்னிரண்டு." "ம்."
ரிவெட் துப்பாக்கி என் கையில்,
பின்னாலிருந்து தாங்கும் இரும்புக்கட்டி அவள் கையில்.
நடுவே ஒரு தகடு.
தகட்டுக்கு அந்தப் பக்கம் அவள் முகம் எப்படியிருந்தது
என்று நான் பார்க்கவே இல்லை.

எல்லாப் பிழையையும் தோண்டக் கூடாது என்பாள் அவள்.
ஈசூனில் அவளுடைய வார்டுக்கு வந்த வெல்டர் ஒருவன்
தோளில் இரும்புச் சில்லோடு வீடு திரும்பினான்.
எடுக்கப் போனால் நரம்பு போய்விடும்.
சாங்கியில் சோதனை வாசலைத் தாண்டும்போதெல்லாம்
தோள் கூவுமாம்; சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டுவானாம்.
அதனால்தான் முதல் ஃபிளாப்பில்
தலை சாய்ந்து உட்கார்ந்த ஒரு ரிவெட்டை
அப்படியே விடச் சொன்னாள். விட்டேன்.
பிடுங்கினால் ஓட்டை எட்டாகும்,
எட்டை அடைக்க இன்னும் பெரிய ரிவெட்,
அதற்கு விளிம்பில் இடம் இருக்காது.

ஆனால் இது சில்லு இல்லை.
கையையே தலைகீழாய்த் தைத்திருக்கிறோம்.

மேல்தகடு பிழைக்காது.
ரிவெட் தலைக்கென்று அமுக்கிய குழிகளெல்லாம்
தவறான பக்கம் குழிந்திருக்கின்றன.
தட்டி நிமிர்த்தலாம், நிமிரும்,
பிறகு ஒருநாள் வானத்தில் வெடிக்கும்.
புதுத் தகடு அமெரிக்காவிலிருந்து வர ஆறு வாரம்.
விலையைச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
விளக்கைப் பக்கத்தில் இழுத்தாள்.

அறுபத்தெட்டு ரிவெட்.
வெள்ளி இரவு, உட்லண்ட்ஸ், மூன்றாம் மாடி,
காற்றில் ஈரம் எண்பத்தைந்து விழுக்காடு.
தலையின் நட்டநடுவே சிறு பள்ளம்,
அதில் துளைமுனையை நிறுத்தி
தலையின் ஆழம்தான், அதற்குமேல் ஒரு மயிரிழையும் வேண்டாம்.
பிறகு மெல்ல நெம்பினால்
தலை கழன்று முனையில் மோதிரம்போல் சுற்றும்.
தண்டைத் தட்டும்போது மட்டும்
பின்னால் யாராவது தாங்க வேண்டும்.
"தாங்குறியா?"
"தாங்குறேன்."
அந்த மாதத்தில் நாங்கள் பேசிய
எண் இல்லாத முதல் வாக்கியங்கள்.

நள்ளிரவு தாண்டி எண்ணிப் பார்த்தால்
டப்பாவில் அறுபத்தேழு தண்டு.
ஃபிளாப்பைத் தூக்கினோம். உள்ளே
கடகடவென்று ஒன்று ஓடியது.
காந்தம் விட்டுப் பயனில்லை,
காந்தத்தை அலுமினியம் மதிக்காது.
ஆளுக்கொரு முனையாய்ப் பிடித்து
கவிழ்த்து, நிமிர்த்தி, சாய்த்து,
உண்டியல் குலுக்குவதுபோல் குலுக்கி
காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது
காவலர் ஹருண் டார்ச்சோடு வந்தார்.
எதுவும் கேட்கவில்லை.
விளக்கை அணைத்துவிட்டு அவரும் கொஞ்சம் கேட்டார்.

ஒரு குலுக்கலில் சத்தம் நின்றுபோனது.
விழுந்ததா, எங்காவது மாட்டிக்கொண்டதா?
தரையெல்லாம் தடவினோம். இல்லை.
பதிவேட்டில் எழுதினேன்:
ஒரு தண்டு, காணவில்லை.
மூடக் கூடாது.

மறுநாள் மாலை, வார்டிலிருந்து
வத்சலாவின் செய்தி. ஒரு படம்:
கையுறை அணிந்த உள்ளங்கையில்
அரிசிமணி அளவு வெள்ளை உலோகம்.
கீழே ஒரே வரி.
"காலணிக்குள்ள இருந்துச்சு.
நாள் முழுக்கக் குத்திட்டே இருந்துச்சு,
உன் மேல கோபம்னு நெனச்சேன்."